முன்கொம்பு அப்பாவு

செம்பாறைத் தோட்டத்து ஜனங்கள் எதிலும் ஒத்துப்போனதாகச் சரித்திரம் கிடையாது. திருவிழாவுக்கு எந்த மேளத்தைக் கூப்பிடுவது, குழாயடியில் யார் குடம் முதலில், கள்ளுக்கடைக்காரன் கலக்குவது எந்த ஆற்றுத் தண்ணீர், எல்லாவற்றுக்கும் இரண்டு கட்சி உண்டு. ஒரே ஒரு விஷயத்தில்தான் வரிசை வீடுகளான லயங்களில் இருந்த எல்லோரும் ஒரே கட்சி. விடியற்காலையில் அப்பாவு முகத்தில் மட்டும் விழிக்கக் கூடாது.

அப்பாவு கெட்டவன் அல்ல. பனைமரம் போல உயரம், இரட்டை மாட்டு நுகத்தடி வைக்கலாம் போன்ற தோள், அதற்குச் சம்பந்தமே இல்லாத மெல்லிய குரல். ரப்பர் பால்வெட்டில் சுமாரான ஆள். கள்ளுக்கடைக்குப் போனாலும் போன வழியே நேராகத் திரும்பி வருகிற சில பேரில் ஒருவன். அவன்மேல் இருந்த ஒரே குறை, தோட்டத்தில் யார் செத்தாலும் பாடையின் முன்கொம்பு அவன் தோளில்தான் ஏறும் என்பது. அதனால் அவனுக்கு முன்கொம்பு அப்பாவு என்று பெயர். இருமிக்கொண்டிருக்கும் ஒருவர் வீட்டு வாசலை அவன் தற்செயலாகக் கடந்து போனால், உள்ளே இருமல் உடனே நின்றுவிடும்.

இது அவன் கேட்டு வாங்கிய பட்டம் இல்லை. சேலத்துப் பக்கத்திலிருந்து மாமன் கையைப் பிடித்துக்கொண்டு மலாயாவுக்குக் கப்பலேறி வந்தவன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டாம் வருஷம் பெரிய காய்ச்சல் வந்தது. உலகச் சண்டை முடியப்போகிறது என்று ஈப்போவில் பேசிக்கொண்டிருந்த நேரம். தோட்டத்தில் பாதிப்பேர் படுத்துவிட்டார்கள். மாமன் முதல் வாரத்திலேயே போனார். எழுந்து நிற்க முடிந்த சில இளவட்டங்களில் அப்பாவுவும் ஒருவன். நிற்கிறவன் தூக்கவேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. காலையில் ஆரம்பித்தால் இருட்டும்வரை தூக்கினான். குளிப்பாட்டல் இல்லை, சங்கு இல்லை, அழுகிறவர்களுக்கும் எழுந்து உட்கார்ந்து அழத் தெம்பில்லை. அதைத் தைரியம் என்று சொல்வதா, ஓடிப்போக வேறு இடம் தெரியாதது என்று சொல்வதா? அப்பாவுவிடம் கேட்டால், “நின்னேன், தூக்கச் சொன்னாங்க” என்பான்.

காய்ச்சல் போனதும் மற்றவர்கள் கொம்பைக் கீழே போட்டுவிட்டுக் கல்யாணம், குழந்தை என்று வேறு வேலை பார்க்கப் போனார்கள். அடுத்த மாதம் வயதாகி ஒருவர் இறந்தபோது, “அப்பாவுவ கூப்புடு, அவனுக்குப் பழக்கம்” என்று யாரோ சொன்னார்கள். அடுத்த சாவுக்கும் சொன்னார்கள். ஊரில் ஒரு வழக்கம் உண்டாக அதற்குமேல் ஒன்றும் வேண்டியதில்லை.

அவனுக்குத் தாப்பாவில் ஒரு பெண் பார்த்தார்கள். பேச்செல்லாம் முடிந்து வெற்றிலைத் தட்டை மாற்றப்போகிற நேரத்தில் தோட்டத்திலிருந்து சைக்கிளில் ஒருவன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான்.

“அண்ணே, மூணாவது லயத்துல ஒண்ணு விழுந்திருச்சு. நீ வராம எப்படி எடுக்கிறது?”

பெண்ணின் அப்பா தட்டை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அதற்குப்பிறகு அப்பாவு பெண் பார்க்கவில்லை.

இப்படி ஆறேழு வருஷம் போனது. அப்போதுதான் பினாங்கில் ஏதோ ஒரு கப்பலில் பழைய காய்ச்சல் திரும்பவும் வந்து இறங்கிவிட்டதாக ஒரு பேச்சு கிளம்பி, சந்தைக்குப் போனவர்கள் வழியாகத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. பெரிய துரை அந்தப் பதினெட்டாம் வருஷத்தைப் பார்த்தவர். இந்தத் தடவை காய்ச்சல் வருவதற்கு முன்பே ஆட்களைப் பழக்கி வைக்கவேண்டும் என்று உத்தரவு போட்டார். நோயாளியை வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தனிக்கொட்டகையில் சேர்ப்பதற்கு ஒரு கூட்டம். அதைப் பழக்கும் பொறுப்பு தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் ஜெயபாலன் தலையில் விழுந்தது.

ஜெயபாலன் யாழ்ப்பாணத்துக்காரர். கொய்னா மாத்திரை கொடுத்துக் கொடுத்து அவர் முகமே கொஞ்சம் கசந்துபோயிருக்கும். காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்கு ஆட்கள் வரிசையில் நின்றபோது அவர் நேராக அப்பாவு முன்னால் வந்து நின்றார்.

“உமக்குக் காய்ச்சலுக்குப் பயமோ?”

“இல்லீங்க.”

“தூக்கிப் பழக்கம் இருக்கோ?”

வரிசை முழுக்கச் சிரித்தது. பெரிய கங்காணி ராமையா வயிறு குலுங்கச் சிரித்தார். “நல்லாக் கேட்டீங்க சார். அது ஒண்ணுதான் அவனுக்கு இருக்கு.”

அப்படித்தான் அப்பாவு காய்ச்சல் படைக்குத் தலைவனானான். சீனி, பத்துமலை, கார்த்திகேசு என்று இன்னும் மூன்று பேரை அவனே சேர்த்துக்கொண்டான். அவர்கள் பாடையின் மற்ற மூன்று கொம்புகள். பழகிய ஆட்கள் என்று அவன் நினைத்தான். அங்கேதான் தப்பு நடந்தது.

அவன் மனதில் இருந்ததை அன்று சாயங்காலம் கள்ளுக்கடைப் பெஞ்சில் சீனியிடம் மட்டும் சொன்னான்.

“ஏலே சீனி, இத்தன வருசமாத் தூக்குறோம். போனது ஒண்ணாச்சும் திரும்பி வந்திருக்கா?”

“அது எப்படிடா வரும்? வந்தா நீயும் நானும் நிப்போமா?”

“அதான் சொல்றேன். உசுரோட ஒருத்தரத் தூக்கிக்கிட்டுப் போயி, உசுரோடவே கொண்டாந்து அவங்க வாசல்ல விடணும். ஒரு தடவ போதும்.”

சீனி குவளையை வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தான். “மச்சான், இன்னிக்குக் கள்ளுல தண்ணி கம்மி போலிருக்கு.”

பயிற்சி தொடங்கியது. மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொள்ள மாவுச் சாக்குத் துணியை வெட்டிக் கொடுத்தார் டிரஸ்ஸர். எவ்வளவு துவைத்தாலும் போகாத அச்சு அதில் இருந்தது. சீனியின் வாய்மேல் ஒரு சேவல் நின்றது. பத்துமலையின் மூக்குக்குக் கீழே சேவலின் வால் மட்டும் வந்தது. பிள்ளைகள் கொக்கரக்கோ என்று கூவிக்கொண்டே பின்னால் ஓடினார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. வெற்றிலை போடாமல் இவர்களுக்கு வேலை ஓடாது. துணிக்குள்ளே வெற்றிலையை மென்று, துப்ப வழியில்லாமல் அது நனைந்து, முதல் நாள் முடிவதற்குள் நான்கு பேர் வாயும் ரத்தம் கக்கினதுபோல் ஆகிவிட்டது. குழாயடியில் நின்ற முத்தம்மா அவர்களைப் பார்த்ததும் குடத்தைப் போட்டுவிட்டு, “ஐயோ, காய்ச்சல் வந்திருச்சு! படைக்கே வந்திருச்சு!” என்று கத்திக்கொண்டு ஓடினாள். அன்று மத்தியானம் இரண்டு குடும்பம் மூட்டை கட்டித் தெலுக் ஆன்சன் போகப் புறப்பட்டுவிட்டது. டிரஸ்ஸர் சாலைவரை ஓடிப்போய் அவர்களைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

“வெத்திலை போடாதையும் எண்டு சொன்னனான் எல்லோ?” என்று படையின் முன்னால் நின்று அவர் மூச்சு வாங்கினார்.

“நீங்க துணி கட்டத்தான் சொன்னீங்க. வெத்தல பத்திப் பேச்சே வரலயே சார்” என்றான் பத்துமலை. வாயைத் திறந்து அவன் சொன்னபோதும் வாயில் வெற்றிலை இருந்தது.

அடுத்தது தூக்குக் கட்டில். தோட்டத்து ஆசாரி இரண்டு நீள மூங்கிலுக்கு நடுவே கித்தான் துணியை இழுத்துக் கட்டியிருந்தார். அதைக் கையில் பிடித்துத் தொங்கவிட்டபடி நடக்கவேண்டும், தோளில் வைக்கக்கூடாது என்பது டிரஸ்ஸரின் முதல் விதி. நான்கு பேரும் தலையாட்டினார்கள். “தூக்கு” என்றதும் மூங்கில் நேராகத் தோளுக்குப் போனது. மறுபடியும் இறக்கச் சொன்னார். “தூக்கு.” மறுபடியும் தோள்.

“உங்கட கைக்கும் தோளுக்கும் நடுவில மூளை எண்டு ஒண்டு இல்லையோ?”

“கை நினைக்கறதுக்குள்ள தோள் வாங்கிக்குது சார்” என்றான் அப்பாவு. மிக உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னான்.

காலிக் கட்டிலைத் தூக்கிப் பயனில்லை, பாரம் வேண்டும் என்று ஸ்டோரிலிருந்து ஒரு அரிசி மூட்டையை எடுத்துவந்து படுக்கவைத்தார்கள். அந்த வாரம் ஆட்களுக்கு அளந்து கொடுக்கவேண்டிய அரிசி. டிரஸ்ஸர் அதன்மேல் கம்பளியைப் போர்த்தி, “இதுதான் நோயாளி. கவனமாய்க் கொண்டுபோய்க் கொட்டகையில கிடத்த வேணும். நான் பின்னால வாறன்” என்று சொல்லி விசில் ஊதினார்.

லயத்திலிருந்து போகிற செம்மண் பாதை ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரத்தடியில் இரண்டாகப் பிரியும். வலது பக்கம் ஆஸ்பத்திரி. இடது பக்கம் சுடுகாடு. நான்கு பேரும் நல்ல வேகத்தில் போனார்கள். காலடி ஒன்றுபோல் விழுந்தது. டிரஸ்ஸருக்குச் சந்தோஷம். மரத்தடிக்கு வந்ததும் கட்டில் நின்றது. மெதுவாகத் தரையில் இறங்கியது. தலைமாடு கால்மாடாக ஒரு முறை முழுக்கத் திரும்பியது. மறுபடியும் தோளில் ஏறி, இடது பக்கம் திரும்பிப் போய்விட்டது.

செத்தவருக்கு வீட்டுக்குத் திரும்பும் வழி தெரியக்கூடாது என்று நடுவழியில் பாடையை இறக்கித் திருப்புவது வழக்கம். இவர்கள் அதை யோசித்துச் செய்யவில்லை. இவ்வளவு வருஷம் இந்தப் பாதையில் பாரத்தோடு வந்த கால்கள், தாங்களாகவே செய்தன. டிரஸ்ஸர் விசிலை ஊதிக்கொண்டு பின்னால் ஓடினார். சுடுகாட்டு எல்லைக்கல்லைத் தாண்டி மூட்டையை இறக்கி, சீனி தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்த பிறகுதான் அப்பாவுவுக்கு உறைத்தது.

“அடேய், இது அரிசிடா” என்றான்.

அரிசியைத் திருப்பி ஸ்டோரில் வைத்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் இருந்துவிடலாம் என்றுதான் டிரஸ்ஸர் பார்த்தார். ஆனால் எல்லைக்கல் பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருத்தி போதுமானதாக இருந்தாள். அரிசி அளக்கும் நாளில் முத்தம்மா முறத்தைத் தரையில் அடித்தாள்.

“சுடுகாட்டுல எறக்கி வச்ச அரிசியையா எம்புள்ளைங்களுக்குப் பொங்கச் சொல்றீங்க? வாய்க்கரிசி ஒரு பிடிதான் போடுவாங்க. இங்க மூட்டையாவே போடுறீங்களா?”

எந்த மூட்டை என்று யாருக்கும் தெரியாததால் ஸ்டோரில் இருந்த அத்தனை மூட்டையும் வேண்டாம் என்றார்கள். ஈப்போவிலிருந்து புது அரிசி வந்தது. பழையதைக் கீழேயிருந்த பன்றிப் பண்ணைச் சீனர் சிரித்துக்கொண்டே வண்டியில் ஏற்றிப் போனார். பெரிய துரை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஈப்போவிலிருந்து டாக்டர் துரை பயிற்சியைப் பார்க்க வருகிறார், மூட்டையை அல்ல, உயிருள்ள ஆளைத் தூக்கிக் காட்டவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

உயிருள்ள ஆள் கிடைக்கவில்லை.

முதலில் கார்த்திகேசுவின் தம்பி சரி என்றான். அவன் பெண்டாட்டி பாப்பா தாலிக்கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டே பிரட்டுக்களத்துக்கு வந்துவிட்டாள்.

“என் கழுத்துல இது கெடக்கையில நாலு பேரு உன்னத் தூக்குறதா? போ, நல்லாப் போ. போயிட்டு வந்து வாசப்படியில கால வையி, வெள்ளச் சேலையக் கட்டிக்கிட்டுத்தான் சோறு போடுவேன்.”

அவன் அப்போதே பால்வாளியை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டான்.

செத்தவன் செய்ய முடியாத ஒரு காரியத்தைப் படுத்திருக்கிறவன் செய்துகொண்டே வந்தால் தோஷமில்லை என்று பேச்சு எழுந்தது. பாட்டுப் பாடலாம் என்றான் ஒருவன். பாட்டுப் பாடிக்கொண்டேதானே சில பாடைகள் போகின்றன, குழப்பம் வரும் என்றான் இன்னொருவன். குடை பிடிக்கலாம் என்றாள் முத்தம்மா. செத்தவன் தன் குடையைத் தானே பிடிக்கமாட்டான். இது எல்லோருக்கும் பிடித்துப்போனது. ரஹீம் பாய் கடையிலிருந்து ஒரு கறுப்புக் குடையும் வந்தது. குடை இருந்தது, கட்டில் இருந்தது, அடியில் படுப்பதற்குத்தான் யாரும் இல்லை.

ராமையா கங்காணி டிரஸ்ஸரைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாக என்றால் நாலு பேர் கேட்கிற தூரத்தில். “சார், கட்டில்ல குத்தம் இல்ல. முன்னால நிக்கிறானே அவந்தான் குத்தம். அந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டே எவன் படுப்பான்? ஆள மாத்துங்க. எங்க சொந்தத்துல நல்ல பையன் இருக்கான், ராசியானவன்.”

டிரஸ்ஸர் அப்பாவுவைப் பார்த்தார். “டாக்டர் வாறதுக்குள்ள நீர் ஒரு ஆளைக் கொண்டுவாரும். இல்லாட்டி எனக்கு வேற வழியில்லை.”

அப்பாவு வீடு வீடாகப் போனான். வாயில் துணி கட்டியிருந்தால் ஒழுங்காகத் தெரியும் என்று நினைத்து அதையும் கட்டிக்கொண்டு போனது அவனுடைய துரதிர்ஷ்டம். கதவைத் தட்டினால் உள்ளேயிருந்தே பதில் வந்தது.

“இங்க யாரும் சாகலப்பா, பக்கத்து வீட்டுல கேளு.”

“யக்கா, நான் சாவுக்கு வரல. சும்மா படுக்கத்தான் ஆள் வேணும்.”

“எல்லாரும் மொதல்ல சும்மாதான் படுத்தாங்க. போ, போ.”

கடைசியில் ஆயாக்கொட்டகைக்கு எதிரே வந்து நின்றுவிட்டான். அந்த வாசலை அவன் ஆறேழு வருஷமாகச் சுற்றிக்கொண்டுதான் போவான். பெற்றவர்கள் பால்வெட்டுக்குப் போனபின் அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள் மங்களம். பெரிய காய்ச்சலில் அவள் புருஷன் போனபோது தூக்க வந்தவன் அப்பாவுதான். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவள், காய்ச்சலோடு எழுந்து வந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டு, “கொஞ்சம் இருங்க, மூஞ்சியத் தொடச்சு விடுறேன்” என்றாள். “நேரமில்லம்மா, இன்னும் வீடுங்க இருக்கு” என்று சொல்லிவிட்டு அப்பாவு தூக்கிக்கொண்டு போய்விட்டான். பொய் சொல்லவில்லை, வீடுகள் இருக்கத்தான் செய்தன. ஆனாலும் அன்றிலிருந்து அவன் வருகிற பாதையில் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மற்றவர்கள் திருப்பிக்கொள்வதற்கும் அவள் திருப்பிக்கொள்வதற்கும் வித்தியாசம் அவனுக்குத் தெரியும்.

அன்று அவள் திருப்பிக்கொள்ளவில்லை. இடுப்பில் ஒரு பிள்ளையும் காலைக் கட்டிக்கொண்டு இன்னொரு பிள்ளையுமாக வாசலில் நின்று அவனைப் பார்த்தாள்.

“எல்லா வீட்டுலயும் கேட்டியாமே? இங்க மட்டும் ஏன் கேக்கல?”

அப்பாவு துணிக்குள்ளேயே எதையோ சொன்னான்.

“அந்தச் சாக்க எடுத்துட்டுப் பேசு.”

எடுத்தான். அதைக் கையில் சுருட்டிக்கொண்டான்.

“நான் படுக்குறேன்” என்றாள் மங்களம். “எனக்குத் தாலியும் இல்ல, வேணாம்னு வந்து கத்த ஆளும் இல்ல. நாலு பேரு தூக்குனா என்ன, எட்டுப் பேரு தூக்குனா என்ன?”

“பொம்பளைய ஆம்பளைங்க தூக்குனா நாலு பேரு நாலு விதமா...”

“காய்ச்சல் வந்தா ஆம்பளைக்கு மட்டுந்தான் வருமா? அப்ப பொம்பளைங்க நடந்தே போகணுமா?” பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். “அன்னிக்கு நேரமில்லன்னே. இப்ப நேரம் இருக்கான்னு பாக்கத்தான் வாரேன். வேற ஒண்ணும் நெனச்சுக்காத.”

அப்பாவு வேறு ஒன்றும் நினைக்காமல் லயத்துக்குத் திரும்பினான். மறுநாள் பால் வாளியைக் காட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டான் என்று கணக்கப்பிள்ளை கத்தினார்.

டாக்டர் துரை வந்த நாளில் பிரட்டுக்களம் திருவிழாபோல் இருந்தது. டாக்டர் துரைக்குத் தமிழ் வராது. மலாய் கொஞ்சம் வரும். மங்களம் கட்டிலில் ஏறி மல்லாக்கப் படுத்து, குடையை விரித்துப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் குனிந்து குடைக்கு அடியில் பார்த்தார்.

“இது எதற்கு?” என்று மலாயில் கேட்டார்.

டிரஸ்ஸருக்கு எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. “ஹிடுப், துவான்” என்று மட்டும் சொன்னார். உயிரோடு இருக்கிறாள் என்று அர்த்தம்.

“அது தெரிகிறது” என்றார் டாக்டர்.

விசில் ஊதியது. கட்டில் எழும்பியது. நேராகத் தோளுக்குப் போகவிருந்த மூங்கிலை அப்பாவு பல்லைக் கடித்துக்கொண்டு இடுப்பளவில் நிறுத்தினான். கூட்டம் முழுவதும் பின்னால் நடந்தது. மங்களம் ஒப்புக்கு இருமுவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவளோ வந்த வேலையைச் சரியாகச் செய்கிறவள்.

“ஆத்தாடி, உடம்பெல்லாம் கொதிக்குதே! பத்துமலண்ணே, உன் பக்கம் தாழுது, தூக்கு. சீனி, வெத்தலயத் துப்புடா. நான் சாகக் கெடக்குறேன், நீ அசை போடுறே. யம்மா, தண்ணி!”

“சும்மா நடிக்கத்தானே சொன்னோம்” என்று சீனி முணுமுணுத்தான்.

“சும்மா நடிச்சா நீங்க சும்மாதான தூக்குவீங்க.”

தூங்குமூஞ்சி மரம் வந்தது. அப்பாவு முன்கூட்டியே தயாராகத்தான் இருந்தான். முதல்நாள் முழுக்கத் தனியாக வந்து, மரத்தடியில் வலது பக்கம் வலது பக்கம் என்று நடந்து பழகியிருந்தான். ஆனால் பின்னால் நிற்கிற இரண்டு பேரை அவன் பழக்கவில்லை. அவன் வலது பக்கம் திரும்பினான். பின்னால் பத்துமலையும் கார்த்திகேசுவும் கட்டிலை இறக்கக் குனிந்து, இடது பக்கம் ஒரு எட்டு வைத்தார்கள். கட்டில் நடுவில் கோணிக்கொண்டது. மங்களம் சரிந்து, சரிந்த வேகத்தில் குடை பக்கவாட்டில் வீசி, வேடிக்கை பார்க்க முன்னால் வந்து நின்ற ராமையா கங்காணியின் வயிற்றில் போய்க் குத்தியது. அவர் “ஹக்” என்று உட்கார்ந்துவிட்டார்.

“எறக்காத!” மங்களம் கட்டில் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினாள். “இங்க எறக்குன, நெசமாவே எந்திரிக்க மாட்டேன். டாக்டர் முன்னாடியே செத்துக் காட்டுவேன்!”

எல்லோருடைய கண்ணும் அப்பாவு மேல் இருந்தது. அவனுடைய இடது கால் ஏற்கெனவே பாதி திரும்பியிருந்தது. அந்தக் கால் அவனுடையதுதானா என்று ஒரு கணம் அவனுக்கே சந்தேகம். பதினெட்டாம் வருஷத்திலிருந்து இந்த இடத்துக்கு வந்தால் யாரையும் கேட்காமல் திரும்புகிற கால். அதை மண்ணிலிருந்து பிடுங்குவதுபோல் எடுத்து வலது பக்கம் வைத்தான். அவனுடைய மெல்லிய குரல் அன்றைக்கு எங்கிருந்தோ கனத்து வந்தது.

“எறக்காதடா பத்துமல! இது அரிசியும் இல்ல, பொணமும் இல்ல. மங்களம்! வலது பக்கம் நட!”

நடந்தார்கள். கொட்டகையில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார்கள். டாக்டர் மங்களத்தின் நாடியைப் பார்த்தார். துணிகளைப் பார்த்தார், கொதிக்கவைத்த தண்ணீரைப் பார்த்தார், சீனியின் சேவலைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். “பாகுஸ்” என்றார். நல்லது என்று சொல்லிவிட்டார் என்றதும் டிரஸ்ஸர் முகத்தில் அந்தக் கசப்பு முதன்முதலாக மறைந்தது.

“முடிஞ்சுது, மங்களம். இறங்கி நடந்து போம்.”

மங்களம் அசையவில்லை. “எங்க முடிஞ்சுது? கொண்டு வரத்தான் பழகியிருக்காங்க. கொண்டுபோய் விட யாரு பழகுறது?”

“குணமான ஆள் நடந்து போகலாம் தானே?”

“இங்கிருந்து நடந்து வரது ஆவிதான்னு சொல்லிக் கதவச் சாத்துவாளுங்க சார், எங்க லயத்துக்காரிங்கள உங்களுக்குத் தெரியாது. தூக்கிட்டு வந்தவனே தூக்கிட்டுப் போயி வாசல்ல விடட்டும். எல்லாரும் பாக்கட்டும். அப்பத்தான் காய்ச்சல் வந்தா கதவத் தெறப்பாங்க.”

டிரஸ்ஸர் டாக்டரிடம் என்னவோ சொன்னார். டாக்டர் தோளைக் குலுக்கிக்கொண்டு, தேநீர் இருக்கிறதா என்று கேட்டார்.

அப்படியாக அந்தக் கட்டில் வந்த பாதையிலேயே திரும்பியது. இந்தத் தடவை மங்களம் படுக்கவில்லை. நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து குடையைப் பிடித்துக்கொண்டாள். மரத்தடியில் யாரும் நிற்கவில்லை, குனியவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து பாரத்தோடு ஒரு கட்டில் வருவதை அங்கே யாரும் பார்த்ததில்லை. அதனால் வந்தபோது என்ன செய்வது என்று லயத்தில் யாருக்கும் தெரியவில்லை. தூக்கிக்கொண்டு போய்த் திரும்பியவர்களுக்குக் கால் கழுவத் தண்ணீர் ஊற்றுவது வழக்கம் என்று முத்தம்மா குடத்தோடு ஓடி வந்தாள். பிழைத்து வருகிறவர்களுக்கு ஆரத்தி எடுக்கவேண்டும் என்று பாப்பா தட்டோடு வந்தாள். இரண்டில் எது என்று இருவரும் வாசலிலேயே சண்டை போட்டார்கள். சண்டை முடியாததால் இரண்டையும் செய்தார்கள். அப்பாவுவின் காலில் ஒரு குடம் தண்ணீரும், அதன்மேல் சிவப்பாக ஆரத்தியும் கொட்டியது.

அவன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். தூக்கிப் போனதை வாசலில் கொண்டுவந்து விட்டாயிற்று. மற்ற மூன்று பேரும் கட்டிலை இறக்கலாம் என்று அவன் சொல்வதற்காகக் காத்திருந்தார்கள்.

“எறக்கட்டா?” என்று அவன் தலையைத் திருப்பாமல் கேட்டான்.

“அந்தக் கோடி லயத்துக்காரங்க பாக்கல” என்றாள் மங்களம் மேலேயிருந்து. “ஒரு சுத்துப் போயிட்டு வா.”

“கை வலிக்குது.”

“தோள்ல வச்சுக்க. இன்னிக்கு வைக்கலாம்.”

மூங்கில் தோளுக்கு ஏறியது. நடந்தார்கள். பழக்கத்தில் வேகமாக எட்டு வைத்த அப்பாவுவின் முதுகில் குடையின் முனை லேசாக இடித்தது.

“ஏன் ஓடுற? மெதுவாத்தான் போயேன். இன்னிக்கு வேற வீடு இருக்கா?”

“இல்ல” என்றான் அப்பாவு. “நேரம் இருக்கு.”

அந்த வருஷம் பெரிய காய்ச்சல் வரவில்லை. கப்பலில் வந்தது காய்ச்சலே இல்லை என்று பிறகு சொன்னார்கள். ஆனாலும் கட்டில் சும்மா கிடக்கவில்லை, குடையும் கூடவே போனது. பாம்பு கடித்தவனுக்குப் போனது, பிரசவத்துக்குப் போனது, மரம் விழுந்து கால் முறிந்தவனுக்குப் போனது. முதல் ஆளாகப் போனது ராமையா கங்காணிக்குத்தான். மழைக்காலத்தில் ஒருநாள் விடியற்காலையில் குளிர்காய்ச்சலில் உதறிக்கொண்டு அவர் கண்ணைத் திறந்தபோது, எதிரே வாசலை அடைத்துக்கொண்டு நின்றது அப்பாவுவின் முகம்.

கங்காணி கண்ணை இறுக மூடினார். மறுபடியும் திறந்தார். முகம் அங்கேயேதான் இருந்தது, வெற்றிலை இல்லாமல், சுத்தமான துணி கட்டிக்கொண்டு.

“கொண்டாந்து விட்டுருவியாடா?” என்றார் பல் கிடுகிடுக்க.

“விட்டுருவேன் கங்காணியாரே.”

“அப்ப அந்தக் கொடையக் கொடு.”